லேசர் கூடத்துக்கு முன்னால் ஒரு மேடை

அம்புக்குறிகளில் குழப்பம் எதுவும் இல்லை. நுழைவாசலில் ஒன்று, மருந்தகத்துக்குப் பக்கத்தில் ஒன்று, குடிதண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஒன்று. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'லேசர் சத்திரசிகிச்சைக் கூடம்' என்று எழுதியிருந்தது. சீனிமுகம்மது அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பற்றி நடந்தார். ஒவ்வொரு முறையும் அவர் வந்து நின்றது ஒரு மேடைக்கு முன்னால்.

சிவப்புக் கம்பளம் விரித்த மேடை. பின்சுவர் முழுவதையும் மறைத்து நீல வெல்வெட் திரை. திரையின் உச்சியில் தங்க எழுத்தில் மறுபடியும் 'லேசர் சத்திரசிகிச்சைக் கூடம்'. மேடைமேல் வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள் ஆளில்லாமல் வரிசையாக இருந்தன. ஒலிவாங்கி தலையைக் குனிந்து நின்றது. அது அணைக்கப்படவில்லை. மெல்லிய இரைச்சல் ஒன்று மண்டபமெங்கும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஏதோ ஒரு திருப்பத்தைத் தவறவிட்டிருப்போம் என்று எண்ணி அவர் திரும்பி நடந்தார். சாரத்துக்குள்ளிருந்து இறங்கிய குழாயின் நுனியில் தொங்கிய சிறுநீர்ப் பையை ஒரு கையில் பிடித்திருந்தார்.

"இஞ்சருங்க, என்னத்துக்கு இப்பிடிச் சுத்திச் சுத்தி நடக்கிறீங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி றம்லா. துணிப்பையோடு வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

"கூடத்தத் தேடுறன் புள்ள. எழுத்து இரிக்கி, கதவக் காணல்ல."

"கண்ணாடியப் போட்டுட்டுத் தேடுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கதவு தெரியவில்லை.

சீனிமுகம்மதுவுக்குச் சாய்ந்தமருதில் ஐஸ் வாடி இருந்தது. ஒலுவில் துறைமுகத்து ஆழ்கடல் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக் கொடுப்பார். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அங்கே லொறியை நிறுத்திவிட்டு ஒதுங்கியவருக்கு ஒரு துளியும் வரவில்லை. கடல் முழுவதும் முன்னால் கிடந்தது. அடிவயிறு கல்லாகி வியர்த்துக் கொட்டியது. அன்றைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் போட்ட குழாய்தான் இது. ஒருமுறை எடுத்துப் பார்த்தார்கள். மாலைக்குள் மறுபடி அடைத்துக்கொண்டது. மறுபடி போட்டார்கள்.

இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. சிறுநீர்ப்பையின் வாசலில், சிறுநீர் இறங்கும் குழாயைச் சுற்றி, புரோஸ்டேட் என்ற சுரப்பி ஒரு வளையம்போல இருக்கிறது. இளமையில் அது கொட்டைப்பாக்கு அளவு. வயது ஏற ஏற வளர்கிறது. அது புற்றுநோய் அல்ல, வெறும் வளர்ச்சி. ஆனால் உட்பக்கமாகவும் வளர்வதால் நடுவில் போகும் குழாய் நெரிபடுகிறது. பை நிறைந்திருந்தும் வாசல் திறக்காது. பை முதலில் மெல்ல உந்தும். பிறகு பலமாக உந்தும். பிறகு களைத்துப்போய் உந்துவதையே விட்டுவிடும். தேங்கியது பின்னோக்கி அமுக்கினால் சிறுநீரகங்கள் பழுதாகத் தொடங்கும். இதில் எந்தக் கட்டத்திலும் சத்தம் கேட்பதில்லை.

இதய அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர் என்பதால் சீனிமுகம்மது இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை குடித்துவந்தார். அப்படிப்பட்டவருக்கு இரத்தப்போக்குக் குறைந்த லேசர் முறைதான் நல்லது என்று சொல்லிவிட்டார்கள். கொழும்பில் முறை கேட்டால் அடுத்த பெரும்போக அறுவடைக்குப் பிறகு என்றார்கள். அவ்வளவு நாள் குழாயோடு இருக்க முடியாது. கல்முனைப் பக்கத்தில் லேசர் இயந்திரம் இருந்தது இந்தக் கரையோர மக்கள் லேசர் நிலையத்தில் மட்டும்தான்.

"கதவு இருக்கு காக்கா. திரைக்குப் பின்னால," என்றாள் தாதி கேதீஸ்வரி. ஆலையடிவேம்பிலிருந்து வேலைக்கு வருபவள். முஸ்லிம்களை அவர்கள் வழக்கப்படியே காக்கா, ராத்தா என்று அண்ணன் அக்கா முறை வைத்துக் கூப்பிடுவாள். மேடையைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அதுக்கு முன்னால ஏன் மிஸ் மேடையக் கட்டினாங்க?"

"கட்டல்ல. வளர்ந்தது."

மேடை வளர்ந்த விதம் இதுதான். இயந்திரம் வந்திறங்கிய நாளில் அதிதிகள் கூடத்து வாசலில் நின்று படமெடுத்தார்கள். கதவுக்கு மேலிருந்த பெயர்ப்பலகை படத்தில் விழவில்லை. ஆகவே அடுத்த நிகழ்ச்சிக்கு அதிதிகள் ஏறி நிற்கப் பலகைகள் போட்டார்கள். ஏறி நின்றவர்கள் உட்கார விரும்பினார்கள். பலகைகளை அகலமாக்கினார்கள். உட்கார்ந்தவர்களின் முதுகில் கூடத்துக்குள்ளிருந்து குளிர்காற்று அடித்தது. திரை போட்டார்கள். திரை பெயர்ப்பலகையை மறைத்தது. திரையிலேயே பெயரைத் தைத்தார்கள். ஒவ்வொரு பலகையும் ஒரு நல்ல காரணத்துக்காகவே வைக்கப்பட்டது. இடையில் 'மேடை இடமாற்றக் குழு' ஒன்றும் அமைத்தார்கள். அதன் தொடக்கவிழா இந்த மேடையிலேயே நடந்தது. குழுவினர் எல்லாரும் உட்காரவேண்டியிருந்ததால் மேடை இன்னும் கொஞ்சம் நீண்டது.

இடுப்பளவு உயரத்துக்கு வந்துவிட்ட மேடையில் தள்ளுவண்டி ஏறாது. டொக்டரும் தாதிமாரும் துணி துவைக்கும் அறைப்பக்கம் இருந்த இடுக்கால் ஒருச்சாய்ந்து உள்ளே போனார்கள். நோயாளியும் அப்படிப் போகலாம். ஆனால் சிகிச்சைக்கு முள்ளந்தண்டில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். உள்ளே நடந்து போனவர் வெளியே படுத்தபடிதான் வரவேண்டும். குழாயும் சேலைன் பைகளும் தொங்க ஒருவரை மேடைக்கு மேலால் தூக்கிக் கடத்த டொக்டர் சம்மதிக்கவில்லை.

"அப்ப இதுவரைக்கும் ஆக்களை எப்பிடிக் கொண்டுபோனீங்க?" என்று வார்டுக்கு வந்தபின் றம்லா கேட்டாள்.

கேதீஸ்வரி கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். "இதுவரைக்கும் அந்தத் தேவை வரல்ல ராத்தா," என்றாள்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அச்சிமுகம்மது. சவளக்கடையில் வயல் செய்பவர். அவருடைய பையும் கட்டிலின் காலில் தொங்கியது.

"புதுசா?"

"ஓம் காக்கா. வாற சனிக்கிழம எனக்கு லேசர் எண்டாங்க."

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க," என்றார் அச்சிமுகம்மது. "மூணு பொன்னாடைக்கு முந்தி."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "வயல்ல தண்ணிக்கு முறை வைப்பாங்க தம்பி. முறை வந்தாத் தண்ணியும் வரும். இஞ்ச முறை மட்டும் வருது."

அந்நேரம் நிலையத்தின் நிகழ்ச்சி இணைப்பாளர் முர்ஷித் கமெராவோடு வந்தார். சந்தனநிறச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. சீனிமுகம்மதுவை நிமிர்ந்து உட்காரச் சொன்னார்.

"சிரிங்க காக்கா. இல்ல, அவ்வளவு வேணாம். அரைவாசி."

"ஏன், முழுசாச் சிரிச்சா என்ன?"

"முழுச் சிரிப்பு நன்றி மலருக்கு மட்டுந்தான் சரி. அரைச் சிரிப்பெண்டா ரெண்டுக்கும் பாவிக்கலாம்."

"ரெண்டாவது என்ன?"

முர்ஷித் வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வந்தது. டொக்டர் பாயிஸ் கொழும்பில் வேலை செய்பவர், பிறந்தது இந்தக் கரையில். சனிக்கிழமைதோறும் வருவார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அவரிடம் இருந்தது ஒரு காலைப்பொழுது மட்டும். சத்திரசிகிச்சைக்காக முதல்நாள் இரவிலிருந்து எதுவும் உண்ணாத, பச்சை அங்கி உடுத்த நோயாளிகள் மண்டபத்தின் முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டார்கள். அவர்களுடைய கதிரைகளில் 'எதிர்காலப் பயனாளிகள்' என்று ஒட்டியிருந்தது.

குர்ஆன் ஓதும் கிறாஅத் முடிந்தது. வரவேற்புரை முடிந்தது. பிறகு நிலையத்தின் தலைவர் தேசகீர்த்தி, சமூகஜோதி, அல்ஹாஜ் காலிதீன் ஜே.பி. அவர்கள் எழுந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து. குரல் மென்மையானது. அவர் ஒருபோதும் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"எனதருமை உறவுகளே! சிகிச்சை என்பது ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஆனால் எதிர்பார்ப்பு? அதற்கு முடிவே கிடையாது. அதனால்தான் நாங்கள் சிகிச்சையைவிட எதிர்பார்ப்பில் அதிக கவனம் செலுத்துகிறோம். இந்த இயந்திரத்தை நீங்கள் பார்க்கவேண்டும். வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. நாட்டில் வேறெந்த நிலையமாவது தன் இயந்திரத்தை இப்படிப் பாதுகாத்திருக்கிறதா? சவால் விடுகிறேன்!"

கைதட்டினார்கள். சீனிமுகம்மதுவும் தட்டினார். தட்டும்போது பை ஆடியது.

டொக்டருக்கு நிலையத்தின் சார்பில் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு அவர் படித்த பாடசாலையின் சார்பில். பிறகு அவருடைய ஊர்ச் சங்கம். பக்கத்து ஊர்ச் சங்கம் தாங்களும் விட்டுக்கொடுக்க முடியாது என்றது. பொன்னாடைகளுக்கு நடுவே டொக்டரின் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. அவர் இரண்டுமுறை எழும்பப் பார்த்தார். இரண்டுமுறையும் ஒருவர் வந்து நினைவுச் சின்னம் கொடுத்தார். நன்றியுரை முடிந்தபோது பள்ளியில் லுஹர் பாங்கு கேட்டது.

புறப்படுவதற்கு முன் அவர் வார்டுக்கு வந்தார். கையில் மேடையில் கொடுத்த பழக்கூடை. சீனிமுகம்மதுவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு தோடம்பழத்தை எடுத்துப் பிளந்தார்.

"என்ன செய்யப்போறன் எண்டு சொல்றன், கேளுங்க. வெளியில எந்த வெட்டும் இல்ல. ஒண்டுக்குப் போற வழியாலயே மெல்லிய குழாய்க் கமெராவை விடுவன். இந்தா, இது வளர்ந்த சுரப்பி. தோலுக்கு நான் கை வைக்கிறல்ல. உள்ளுக்குள்ள இரிக்கிற சுளைய மட்டும் லேசரால தோல்ல இருந்து கழட்டி, பைக்குள்ள தள்ளி, துண்டாக்கி உறிஞ்சி எடுக்கிற. நடுவால வழி வந்திடும்."

"மிச்சம் வைக்காமத் தோலையும் எடுத்திட்டா என்ன டொக்டர்?" என்றாள் றம்லா.

"தோலைச் சுத்தி நரம்பு இரிக்கி. சலத்தைப் பிடிச்சுவைக்கிற தசை கிட்டத்தில இரிக்கி. எல்லாத்தையும் இழுத்து எடுக்கப் போனா வேற வில்லங்கம். அடைக்கிறத எடுத்தாப் போதும். மிச்சம் இரிந்திட்டுப் போகட்டும்."

"பிறகு நோகுமா?"

"குழாய் ஒரு நாளோ ரெண்டு நாளோ இரிக்கும். சலம் சிவப்பாப் போகும், பயப்படாதீங்க. நல்லாத் தண்ணி குடிச்சா வெளிறிக்கொண்டு வரும். குழாய எடுத்தாப் பிறகு கொஞ்ச நாளைக்கு எரியும், திடீர் திடீரெண்டு அவசரமா வரும், சில பேருக்குக் கசியும். அதெல்லாம் மெல்ல மெல்லக் குறையும். ஐஸ் பெட்டி தூக்கக் கூடாது. மோட்டார் சைக்கிளும் கொஞ்ச நாளைக்கு வேணாம்." டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்டு சொல்லணும். இதுக்குப் பிறகு விந்து வெளியில வராம, பின்பக்கமாப் பைக்குள்ள போயிரும். ஆபத்தில்ல. ஆனா முன்னமே தெரிஞ்சிரிக்கணும்."

சீனிமுகம்மது சுவரைப் பார்த்தார்.

"பேரப்புள்ள கண்டாச்சு டொக்டர். அது விரும்பின பக்கம் போகட்டும்," என்றாள் றம்லா. அடுத்த கட்டிலிலிருந்து அச்சிமுகம்மது சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

"எப்ப செய்வீங்க டொக்டர்?" என்று கேட்டார் சீனிமுகம்மது.

டொக்டர் தோடம்பழச் சுளைகளை அவர் கையில் வைத்தார். "கூட்டம் முடியிறதப் பொறுத்தது," என்றார்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் அச்சிமுகம்மதுவுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. கட்டில் சேர்ந்து நடுங்கியது. பையில் இருந்தது கலங்கி, மண்ணெண்ணெய்ப் புகைபோலக் கறுத்திருந்தது. கேதீஸ்வரி அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். குழாய் கனநாள் உள்ளே கிடந்தால் அதன்வழியே கிருமி ஏறும். பைக்கு ஏறும், சிறுநீரகத்துக்கு ஏறும், பிறகு இரத்தத்தில் கலக்கும். இரத்தத்தில் கலந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த வேகமும் போதாது.

தூக்கிப் போகும்போது அச்சிமுகம்மது சீனிமுகம்மதுவின் கையைப் பிடித்தார். "தம்பி, என்ட முறைய நீ எடு," என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர் மூன்றாம்நாள் மௌத்தானார். ஜனாஸா அறிவித்தல் சவளக்கடைப் பள்ளியில் சொல்லப்பட்டபோது, லேசர் நிலையத்தின் ஒலிபெருக்கியில் அடுத்த சனிக்கிழமைக்கான அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. சிகிச்சை நாள் அனுதாபக் கூட்டமாக மாற்றப்பட்டிருக்கிறது, பயனாளிகள் தவறாமல் சமுகமளிக்கவும்.

மேடையில் அச்சிமுகம்மதுவின் படம் பெரிதாக்கப்பட்டுச் சட்டமிட்டு வைக்கப்பட்டிருந்தது. அரைச் சிரிப்பு. அப்போதுதான் சீனிமுகம்மதுவுக்கு இரண்டாவது என்னவென்று விளங்கியது.

"மர்ஹூம் அச்சிமுகம்மது அவர்கள் இந்த மேடையை நேசித்தவர்," என்று தொடங்கினார் காலிதீன் ஹாஜியார். கண்ணில் உண்மையான நீர் இருந்தது. "எங்கள் எந்த நிகழ்ச்சியையும் அவர் தவறவிட்டதில்லை. எழும்ப முடியாத நாளிலும் படுத்தபடி எங்கள் உரைகளைக் கேட்டார். ஏனென்றால் வார்டிலும் நாங்கள் ஒலிபெருக்கி பூட்டியிருக்கிறோம். கடைசிவரை எதிர்பார்த்தார். இப்படியொரு நோயாளி எங்களுக்கு இனிக் கிடைப்பாரா? இந்தத் துயரமான வேளையிலும் ஒரு விடயத்தைப் பெருமையோடு சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். இந்த நிலையத்தில் லேசர் சிகிச்சை செய்து இன்றுவரை ஒரு உயிர்கூடப் போனதில்லை!"

கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் சபை தட்டியது.

சீனிமுகம்மதுவால் உட்கார முடியவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு மேடையின் ஓரமாகத் திரைக்குப் பின்னால் போனார். அங்கே கதவு இருந்தது. இரட்டைக் கதவு, வட்டக் கண்ணாடி வைத்தது. கண்ணாடிக்குள்ளே இருட்டில் பிளாஸ்டிக் உறை போர்த்திய இயந்திரம் நின்றது. கதவில் சாய்த்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, இன்னொரு படச்சட்டம் வைக்கப்பட்டிருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார்.

அவருடைய அரைச் சிரிப்பு அவரைப் பார்த்தது.

அன்று மாலை மஃரிப் தொழுகை நேரத்தில் அவருக்குக் குளிர் தொடங்கியது. கேதீஸ்வரி குழாயை மாற்றினாள். ஊசிமருந்து ஏற்றினார்கள். தொலைபேசியில் டொக்டர் சொன்னதை றம்லாவும் கேட்டாள். "இந்தமுறை மருந்துக்கு இறங்கும் எண்டு நினைக்கிறன். அடுத்தமுறை இறங்குமா எண்டு என்னால சொல்ல ஏலாது. நான் வாற சனிக்கிழமை செய்தே ஆகணும்."

காய்ச்சல் இறங்கியது. மறுநாள் றம்லா முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். காலிதீன் ஹாஜியார் மேடையில் நின்று, அடுத்த நிகழ்ச்சிக்குக் கதிரைகள் போதுமா என்று முர்ஷிதுடன் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஹாஜியார், என்ட மனிசனுக்கு வாற சனிக்கிழம லேசர் செய்யணும்."

"இன்ஷா அல்லாஹ் தங்கச்சி. அதுதானே எங்கட எதிர்பார்ப்பும்."

"எதிர்பார்க்க வேணாம். செய்யுங்க. அவர்ர போட்டோவுக்கு பிரேம் போட்டு வெச்சிரிக்கீங்களே, எந்தக் கூட்டத்துக்கு அது?"

முர்ஷித் ஒலிவாங்கிக் கம்பியைச் சுற்றத் தொடங்கினார். ஹாஜியாரின் முகம் மாறவில்லை. "ஆயத்தமா இரிக்கிறது நிருவாகத்தின் கடம தங்கச்சி. நாங்க என்ன செய்ற? டொக்டருக்கு நேரமில்ல. மரியாத செய்யாம ஒரு மண்ணின் மைந்தன அனுப்ப ஏலுமா? மேடைய எடுக்கச் சொல்றாங்க. எத்தின பெரிய மனிசர் காலடி வெச்ச மேடை! எடுத்தா அவங்கட முகத்தில நான் எப்பிடி முழிக்கிற?"

றம்லா மேடையைப் பார்த்தாள். இந்தப் பக்க ஓரத்தையும் அந்தப் பக்க ஓரத்தையும் பார்த்தாள். டொக்டர் பிளந்து காட்டிய தோடம்பழம் அவள் நினைவுக்கு வந்ததோ என்னவோ.

"எடுக்க வேணாம் ஹாஜியார்," என்றாள் மெதுவாக. "ரெண்டு பக்கமும் அப்பிடியே இரிக்கட்டும். நடுவால மட்டும் பலகையக் கழட்டித் திரையப் பிரிச்சு விடுங்க, வண்டி போற அகலத்துக்கு. கழட்டின இடத்தில ரிப்பன் கட்டுங்க."

"ரிப்பனா?"

"ஒவ்வொரு நோயாளியும் உள்ள போகக்குள்ள ஒரு ரிப்பன். வெட்டுறதுக்கு ஒரு அதிதி."

காலிதீன் ஹாஜியார் கதிரையொன்றில் உட்கார்ந்தார். "ஒவ்வொரு நோயாளிக்கும் வேற வேற அதிதி?"

"உங்கட விருப்பம்."

"அப்ப உரை?"

"ரிப்பன் வெட்டின பிறகு. டொக்டர் உள்ள வேலை செய்யக்குள்ள நீங்க வெளியில பேசுங்க. பொன்னாடைய அவர் வெளிய வந்தாப் பிறகு போர்த்துங்க." அவள் முன்வரிசைக் கதிரைகளைக் காட்டினாள். "சொந்தக்காரங்க ஒருத்தரும் இடைநடுவில எழும்பிப் போக மாட்டாங்க ஹாஜியார். ஆள் உள்ள கிடக்கக்குள்ள எங்க போற?"

எழும்பிப் போக முடியாத ஒரு சபை. காலிதீன் ஹாஜியார் அதை நினைத்துப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. அது பார்ப்பதற்கு நல்ல காட்சியாக இல்லை.

"முர்ஷித்," என்றார் கடைசியில். "இதைத்தான் நான் கனநாளா யோசிச்சிட்டிரிந்த. தச்சனக் கூப்பிடுங்க."

சனிக்கிழமை காலை தள்ளுவண்டியில் படுத்திருந்த சீனிமுகம்மது மேடையின் நடுவால் போனார். இருபக்கமும் அதிதிகளின் சப்பாத்துகள் அவருடைய காது மட்டத்தில் நின்றன. முகத்துக்கு மேலே ஒரு சிவப்பு ரிப்பன் ஆடியது. கத்தரிக்கோல் ஒன்று இறங்கி வந்தது. கண்ணை மூடி கலிமாச் சொன்னார். ரிப்பன் வெட்டுண்டு நெஞ்சில் விழுந்தது. கைதட்டல் கேட்டது. கதவு திறந்தது, மூடியது.

முள்ளந்தண்டில் ஊசி இறங்கியது. கால்கள் சூடாகி, பாரமாகி, பிறகு இல்லாமலே போயின.

"காலத் தூக்குங்க பாப்பம்," என்றார் டொக்டர்.

"என்ட காலா? எங்க இரிக்கி?"

"அப்ப சரி."

நோவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம், இயந்திரத்தின் சின்னச் சின்ன டிக் ஒலி. கதவுக்கு வெளியே காலிதீன் ஹாஜியாரின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "வழிகளைத் திறப்பதற்கென்றே பிறந்தவன் நான்!" என்றது அது. டொக்டர் தலையை நிமிர்த்தாமல் வேலை செய்தார். அந்தக் குரல் ஓயுமோ என்றுதான் சீனிமுகம்மது பயந்தார். ஓய்ந்தால் எல்லாரும் எழுந்து பொன்னாடையோடு உள்ளே வந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அது ஓயவில்லை. அவரை வெளியே கொண்டுவந்தபோதும் பேச்சு முடிந்திருக்கவில்லை. வண்டி மேடையின் நடுவால் திரும்பிப் போனதைப் பேசியவர் கவனிக்கவுமில்லை. அன்று இன்னொருவரும் உள்ளே போய் வந்தார்.

குழாயில் முதலில் சிவப்பாக இறங்கியது. றம்லா தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் இருந்து, டொக்டர் சொன்னபடி, குடிங்க குடிங்க என்று குடிக்கவைத்தாள். சிவப்பு ரோசாநிறமானது. ரோசாநிறம் வெளிறியது. கேதீஸ்வரி குழாயை எடுத்த அன்று அவர் தனியாகக் கழிப்பறைக்குப் போனார். றம்லா வெளியே கதவில் காது வைத்து நின்றாள்.

"என்ன, வருதா?"

அவள் கதவைத் தட்டினாள்.

"இஞ்சருங்க! உங்களத்தான் கேக்கிற!"

"சும்மா இரி புள்ள," என்றார் அவர் உள்ளிருந்து. "எரியுது. நான் கேட்டிட்டிரிக்கன்."

அவளுக்கும் கேட்டது. தடையில்லாமல், நீண்டநேரம்.

வீட்டுக்குப் புறப்படும்போது அவருடைய கட்டிலில் மருதமுனையிலிருந்து வந்த ஒரு புதியவர் உட்கார்ந்திருந்தார். முர்ஷித் அவரிடம் அரைவாசி மட்டும் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சீனிமுகம்மது குனிந்து அந்த மனிதரின் காதில் சொன்னார். "முழுசாச் சிரிங்க."

மேடை இன்னும் அங்கேதான் இருக்கிறது. நடுவில் தள்ளுவண்டி போகும் அகலத்துக்கு மட்டும் பலகைகள் கழற்றப்பட்டிருக்கின்றன, மற்றவை இருந்தபடி இருக்கின்றன. முதலில் ரிப்பன், அடுத்து நோயாளி, கடைசியில் பேச்சு. இந்த ஒழுங்கில் வைத்தால் லேசர் வேலை செய்கிறது.